அகரவெளிக் காருக்கு நாலு பிளக்

குத்தாலத்தில் மீரா உசேன் கை வைத்த வண்டி வழியில் நின்றுபோனதென்று எவனும் சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு வண்டியைத் தவிர. அந்த வண்டியைப் பற்றித்தான் இந்தப் பேச்செல்லாம்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் போட்டவர் அவர். நாகூரில் லாரி கழுவினார். கும்பகோணத்தில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் ஏழு வருஷம் கிரீஸில் புரண்டார். மேஸ்திரி கையால் வாங்காத அடியில்லை. ஸ்பேனரைத் தூக்கி எறிவான். அதைப் பொறுக்கிக் கொண்டுபோய் அவன் கையிலேயே மறுபடி கொடுக்க வேண்டும். அந்த வயிற்றெரிச்சலில் கற்ற தொழில். முப்பதாம் வயதில் ரயிலடி ரோட்டில் நாலு கீற்றுத் தட்டியைக் கட்டிச் சொந்த ஷெட் போட்டார். யார் கையையும் பிடித்து மேலே ஏறியவரில்லை, யார் காலையும் பிடித்தவருமில்லை.

சும்மா சொல்லக் கூடாது, வேலைக்காரர். படித்தவர்கள் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தேடுகிற கோளாறை, மீரா உசேன் வண்டிக்குப் பின்னால் குந்திக் கண்ணை மூடிக் கேட்டே சொல்லிவிடுவார். "மூணாவது செத்துக் கெடக்கு" என்பார். கழற்றினால் மூன்றாவது பிளக்தான் கரி அப்பியிருக்கும். அவரோடு பந்தயம் கட்டித் தோற்றவர்கள் குத்தாலத்தில் பாதிப் பேர். அதை அவர் சொல்லிக்காட்டாத நாளுமில்லை.

"எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் வரும். ஆனா எந்த இஞ்சினும் எங்கிட்டப் பொய் சொல்லாது" என்பார்.

"மனுசங்க சொல்ற பொய்ய மட்டும் கண்டுபுடிக்கத் தெரியாது" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். அது ஹலீமா, அவர் பெண்சாதி.

ஆட்சி மாறி மூன்றாவது வருஷம், ஐப்பசி. குறுவை முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது, அகரவெளியில் அறுக்க ஆளில்லை. குத்தாலத்துக்கு வடக்கே காவிரியைத் தாண்டினால் அகரவெளி. ஊரில் முக்கால்வாசி நிலம் ஒரே பண்ணையுடையது. அறுப்புக் கூலியில் கலத்துக்கு ஒரு படி கூடக் கேட்டு, கொடியை ஊன்றிவிட்டு, ஆட்கள் அரிவாளைத் தொடாமல் பத்தொன்பது நாளாக உட்கார்ந்திருந்தார்கள். பண்ணை வெளியூரிலிருந்து ஆள் இறக்கியது. வந்தவர்களை வரப்பில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். மழை வேறு முந்திக்கொண்டு வந்துவிட்டது. கதிர் சேற்றில் சாய்ந்து முளைவிடத் தொடங்கியது. கிழக்கே ஒரு ஊரில் போன வருஷம் கூலி கேட்டவர்களைக் குடிசையோடு கொளுத்தியது யாருக்கும் மறக்கவில்லை. அந்த ஊர்ப் பேரை டீக்கடையில்கூட யாரும் உரக்கச் சொல்வதில்லை.

மீரா உசேனுக்கு இதில் எந்தப் பக்கமும் இல்லை. கொடி பிடிக்கிறவனிடம் காரில்லை, காருள்ளவனுக்குக் கொடி ஆகாது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் பண்ணையின் காரியக்காரர் தருமலிங்கம் ஷெட்டுக்கு வந்தார். குடையை மடக்கினார், உட்காரவில்லை.

"பாய், பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்புங்க. நம்ம பிளஷர் காரு மூணு கால்ல நடக்குது."

"என்ன பண்ணுது?"

"பாலத்து ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது. நேத்து மழையில நின்னே போச்சு."

"இங்க கொண்டாரச் சொல்லுங்க, பாத்துடுவோம்."

"வண்டி ஊர விட்டு வரக் கூடாது. ரெண்டு மணிக்குப் பொறப்படணும். மாயவரத்துல தாசில்தார் வச்சுப் பேச்சுவார்த்தை. ஐயா தன் வண்டியிலயே ரெத்தினத்த ஏத்தி அனுப்புறார்."

ரெத்தினம்தான் அந்தப் பத்தொன்பது நாளைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிற ஆள். அவன் ஒரு சொல் சொன்னால் ஊரே அரிவாளை எடுக்கும், ஒரு சொல் சொன்னால் வைக்கும்.

"ரெத்தினமா? பண்ணைக் கார்லயா?"

"ஏன், ஏறக் கூடாதா? காலம் மாறிப்போச்சு பாய்" என்று தருமலிங்கம் சிரித்தார். உதடு மட்டும் சிரித்தது.

மீரா உசேன் நாலு புதுப் பிளக்கையும் ஒரு சுருள் பிளக் ஒயரையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வில்வண்டியில் ஏறினார்.

அகரவெளிப் பண்ணை வீட்டில், நெல் குவிந்து கிடக்க வேண்டிய களம் நாய் படுத்திருக்கக் காலியாகக் கிடந்தது. வைக்கோல் போர் ஓரத்தில் முன்பின் பார்த்திராத இரண்டு தடியர்கள் ஈர்க்குச்சியால் பல் குத்திக்கொண்டிருந்தார்கள். மாடியில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே யார் என்று தெரியவில்லை, சாய்வு நாற்காலியின் முனை மட்டும் தெரிந்தது. வானம் அப்படியே கறுத்து இறங்கியிருந்தது. முற்பகலிலேயே கார்க் கொட்டகையில் முகம் சரியாகத் தெரியாத இருட்டு.

டிரைவர் காதர் மைதீன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். ஹலீமாவுக்குத் தூரத்துத் தம்பி முறை. மீரா உசேனைக் கண்டால் "வாங்க மச்சான், ஒங்க தங்கக் கைய காட்டுங்க" என்று கேலி பேசுகிறவன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

"ஹேண்டில் போட்டுச் சுத்து" என்று சொல்லிவிட்டு மீரா உசேன் பானெட்டைத் தூக்கினார். இஞ்சின் இருமி இருமிப் பிடித்தது. இருட்டில் பார்த்தால் பழைய ஒயர்களின் மேலெல்லாம் நீல வெளிச்சம் புழு மாதிரி நெளிந்து ஓடுகிறது. ரப்பர் வெடித்து வெடித்துப் போயிருந்தது.

"பாத்தியா காதரு. பிளக்குக்குப் போய்ச் சேர வேண்டிய கரண்ட் வழியிலயே ஒழுகுது. தலைமடையில வாய்க்கா ஒடஞ்சா கடைமடைக்குத் தண்ணி எப்படி வரும்? ஈரக் காத்துன்னா இன்னும் ஒழுகும். இதத் தெரியாம பிளக்கக் காயவச்சு ஓட்டுனியாம்."

காதர் மைதீன் கொட்டகை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

மீரா உசேன் வேலையில் இறங்கினால் பக்கத்தில் பிரளயம் வந்தாலும் திரும்பமாட்டார். பிளக்கைச் சுற்றியிருந்த மண்ணை முதலில் ஊதித் தள்ளினார். அது உள்ளே விழுந்தால் சிலிண்டரைத் தின்றுவிடும். நாலையும் கழற்றிச் சாக்கில் வரிசையாக வைத்தார். முதலாவதும் நாலாவதும் செங்கல் நிறத்தில் உலர்ந்து இருந்தன. இரண்டாவதும் மூன்றாவதும் பெட்ரோலில் நனைந்து கன்னங்கரேல் என்று இருந்தன. புதுப் பிளக்கின் நுனி இடைவெளியைத் தகடு விட்டுப் பார்த்தார், கட்டை விரல் நகத்தில் தட்டி ஒரு மயிரிழை குறைத்தார். கையாலேயே மரை ஏற்றி, கடைசியில்தான் ஸ்பேனர் போட்டார். ஒயரைப் பழசுக்குப் பழசு அளந்து வெட்டி ஒவ்வொன்றாக மாற்றினார். ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்று தீப்பொறி சுற்றிவரும் வரிசை அவருக்கு ஓதிப் பழகிய பிஸ்மி மாதிரி. நினைத்துப் பார்க்கத் தேவையில்லை, விரல் தானாகப் போகும்.

தருமலிங்கம் வந்து பின்னால் நின்றார்.

"கொள்ளிடக் கரை மணல்ல ஏறுமா பாய்?"

"மாயவரம் போற வழியில மணல் எங்கேருந்து வந்துச்சு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ஏறும்."

"அஞ்சு பேர் இருந்தாலும்?"

"இந்தக் கை பாத்த வண்டி அம்பது பேர் இருந்தாலும் ஏறும்."

"போறப்பதான் பாரம்" என்றார் தருமலிங்கம். "வர்றப்ப அவ்வளவு இருக்காது."

அவர் போன பிறகுதான் அந்தப் பேச்சு மீரா உசேனின் காதுக்குள் இறங்கியது. இஞ்சினை மறுபடி சுற்ற ஹேண்டிலைத் தேடினார். காதர் மைதீன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தான். டிக்கியில் இருக்கும் என்று திறந்தார்.

ஹேண்டில் இல்லை. ஒரு சாக்கு கிடந்தது. சாக்கை நகர்த்தினால் ஒரு பழைய அம்மிக்கல். அதன் இடுப்பில் புதுத் தேங்காய்நார்க் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. மிச்சக் கயிறு நாலு ஆள் நீளம் இருக்கும், அழகாகச் சுருட்டி வைத்திருந்தது. ஐப்பசிக் கொள்ளிடம் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

"டிக்கிய எதுக்கு மச்சான் தொறந்தீங்க?"

காதர் மைதீன் வாளியோடு நின்றான்.

"ஹேண்டில் எடுக்க."

"ஹேண்டில் சீட்டுக்கடியில இருக்கு." வாளியைக் கீழே வைத்துவிட்டு டிக்கியை மெல்ல, சத்தம் வராமல் மூடினான். "எனக்கு மூணு புள்ளைங்க மச்சான்" என்றான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இஞ்சினைக் கிளப்பினார்கள். நாலு சிலிண்டரும் ஒரே மூச்சில் பாடியது. அந்த நிலைமையிலும் மீரா உசேனுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்தது. மாடி ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து, போதும் என்று காட்டிவிட்டு உள்ளே போயிற்று. அந்தக் கையைத் தவிர பண்ணை ஐயாவிடம் வேறெதையும் அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

ஒன்றரை மணிக்கு ரெத்தினம் வந்தான். நீலம் போட்டு வெளுத்த சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, தோளில் சிவப்புத் துண்டு. அவனோடு வந்த நாற்பது பேர் வாய்க்கால் கரையோடு நின்றுவிட்டார்கள். முதல் ஆளாய் நின்றவன் அவன் மைத்துனன் இராஜாங்கம். இடுப்பில் எல்லாருக்கும் கருக்கரிவாள். அறுப்பு இல்லாத நாளில் அறுப்பு அரிவாள்.

"வாங்க ரெத்தினம், நில்லுங்க, இதோ பொறப்பட்டுடலாம்" என்றார் தருமலிங்கம். பிறந்ததிலிருந்து ரெத்தினத்துக்கு அந்த வாயிலிருந்து "டேய்" தவிர வேறு வந்ததில்லை. அந்த "வாங்க"வைக் கேட்டு மீரா உசேன் டிக்கிப் பக்கம் பார்த்தார்.

ரெத்தினம் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பானெட் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"பாய், ஒண்ணு கேக்குறேன், சிரிக்கக் கூடாது."

"கேளு."

"கார்ல போனா வாந்தி வருமாமே? நான் ஏறுனதில்லைங்க. அங்க ஆபீசருங்க முன்னாடி போயி நிக்கணும். சட்டைய வேற எம் பொண்டாட்டி அம்சம் ராத்திரியெல்லாம் காயவச்சுக் குடுத்தா. எலுமிச்சம்பழமும் குடுத்து விட்டிருக்கா, மோந்து பாத்துக்கச் சொல்லி."

மீரா உசேன் அவன் முகத்தைப் பார்த்தார். சொல்லிவிடலாம். ஆனால் இரண்டு தடியர்களும் கை எட்டுகிற தூரத்தில் வந்து நிற்கிறார்கள். சொன்னால் கொள்ளிடம் வரைக்கும் போகவேண்டிய அவசியமில்லை, கொட்டகையிலேயே முடிந்துவிடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். போனால் ராத்திரி ஹலீமா சோறு போடும்போது எதைப் பார்த்துச் சாப்பிடுவது?

"முன்னாடி கண்ணாடி வழியா தூரமா பாத்துக்கிட்டே வா. ஒண்ணும் வராது" என்றார்.

பிறகு உரக்க, "சாரல் அடிச்சு பிளக் மூடியில தண்ணி பட்டிருக்கு. தொடச்சு விட்டுடறேன்" என்று துணியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

துணிக்குள்ளே கை இரண்டாவது ஒயரைப் பிடித்தது. கை நின்றுவிட்டது. இருபது வருஷத்தில் ஒரு நட்டைக்கூடத் தளர விட்டறியாத கை. மேஸ்திரி ஸ்பேனரால் அடித்துப் பழக்கிய கை. வர மாட்டேன் என்றது. அதை அதட்டித்தான் வேலை வாங்கினார். இரண்டாவது பிளக்கின் ஒயர் மூன்றாவதற்குப் போயிற்று, மூன்றாவதன் ஒயர் இரண்டாவதற்கு வந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பிளக், ஒரே நீள ஒயர். தொழில் தெரிந்தவன் விரலால் தொட்டு எண்ணினாலொழிய கண்ணுக்குத் தெரியாது. இனிமேல் வண்டி இரண்டு சிலிண்டரில்தான் ஓடும். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் மதகுகூடத் தாண்டாது. வண்டி கெட்டுவிட்டதென்று பயணத்தை விட்டுவிடுவார்கள். இன்றைக்குத் தப்பினால் நாளைக்கு ரெத்தினத்தின் காதில் போட்டுவிடலாம்.

பானெட்டை மூடினார். பெட்டியைத் தூக்கினார்.

"பெட்டி இருக்கட்டும்" என்றார் தருமலிங்கம். "நீங்களும் ஏறுங்க பாய்."

"நானா?"

"வழியில மக்கர் பண்ணுனா யாரத் தேடறது? முன்னாடி ஏறுங்க."

இதை அவர் கணக்கில் எடுக்கவேயில்லை. முன்சீட்டில் காதர் மைதீனுக்கும் தருமலிங்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்தார். பின்சீட்டில் ரெத்தினம் நடுவில், இரு பக்கமும் தடியர்கள். ரெத்தினம் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு, சொன்னபடி தூரமாகப் பார்த்தான்.

கிளப்பினதுமே வண்டி குலுங்கியது.

"இப்பதான் நல்லா ஓடுச்சு" என்றார் தருமலிங்கம்.

"புதுப் பிளக். சூடு ஏறணும். ஓட ஓடச் சரியாயிடும்."

காதர் மைதீன் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் கியரை மாற்றினான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று மீரா உசேனுக்குப் பட்டது. தெரிந்தும் அவன் வாயைத் திறக்கவில்லை.

மதகுக்கு முன்னால் ரோடு பிரிகிறது. வலது கை மாயவரம். வண்டி இடது பக்கம் திரும்பியது.

"மாயவரம் இந்தாண்ட போகணுங்க" என்றான் ரெத்தினம்.

"அங்க பாலத்துல வேல நடக்குது, சுத்திப் போறோம்" என்றார் தருமலிங்கம், திரும்பாமல்.

பின்சீட்டில் யாரோ நகர்ந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. மீரா உசேன் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் தெம்பில்லை. மதகு ஏற்றத்தில் வண்டி திணறியது. காதர் மைதீன் ஆக்சிலேட்டரை மிதித்தான். எரியாத பெட்ரோல் எல்லாம் சைலன்சருக்குள் போய்ச் சேர்ந்தது.

டம் என்று வெடித்தது. அடுத்த மூச்சில் இன்னொன்று, முதலாவதைவிடப் பெரிதாக. வயலில் மேய்ந்த கொக்கெல்லாம் எழும்பியது. வண்டி மதகு மேல் நின்றுபோயிற்று.

மீரா உசேனுக்கு அது சைலன்சர் சத்தம். வட்டாரத்தில் அதை அப்படிக் கேட்ட காது அவருடையது ஒன்றுதான். எந்த இஞ்சின் சத்தத்தையும் பிரித்துச் சொல்லுகிறவர், அந்தச் சத்தம் மற்றவன் காதில் என்னவாக விழும் என்று ஒரு நொடி யோசிக்கவில்லை. பண்ணை மாடியில் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது ஊருக்கே தெரியும். வாய்க்கால் கரையில் நின்ற நாற்பது பேரும் அந்தச் சத்தத்துக்காகத்தான் பத்தொன்பது நாளாகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தவர்கள்.

"சுட்டுட்டாண்டா, ரெத்தினத்தச் சுட்டுட்டான்."

முற்றிய கதிரைத் துவம்சம் செய்துகொண்டு வயலுக்குக் குறுக்கே வந்தார்கள். தடியர்களில் ஒருத்தன் சீட்டுக்கடியிலிருந்து இரும்புப் பூண் போட்ட கழியை உருவிக்கொண்டு இறங்கினான். இன்னொருத்தன் ரெத்தினத்தின் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே அழுத்தினான். முதலில் வந்து சேர்ந்தவன் இராஜாங்கம்; கழி அவன் மண்டையில் இறங்கியது. அடுத்த நிமிஷம் கழி பிடித்தவனின் தோளில் அரிவாள் இறங்கியது. தருமலிங்கம் வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு பண்ணையைப் பார்த்து ஓடினார். கொஞ்ச தூரம் போய் ஒரு தடவை நின்று திரும்பினார். ரெத்தினத்தைப் பார்க்கவில்லை, மீரா உசேனைப் பார்த்தார்.

வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரெத்தினம் சட்டை கிழிந்து, உயிரோடு, மதகுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். மீரா உசேன் அவனருகே போனார்.

"டிக்கியத் தொறந்து பாரு."

பார்த்தான். கயிற்றைத் தொட்டான், கல்லைத் தொட்டான். பிறகு மீரா உசேனின் கரி படிந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

சாயங்காலம் போலீஸ் லாரி வந்தது. டிக்கியில் அப்போது சாக்குகூட இல்லை, அதற்குள் பண்ணை துடைத்து வைத்திருந்தது. பதினாலு பேரைப் பிடித்தார்கள், மண்டையில் கட்டோடு இராஜாங்கமும் அதில் ஒருவன். முதல் குற்றவாளி ரெத்தினம், கொலை முயற்சி. பண்ணையின் பிராது இப்படி: நல்ல மனதோடு பேச்சுவார்த்தைக்கு அழைத்துப் போனோம், வண்டி பழுதாகி நின்றது, காத்திருந்து தாக்கினார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஓடிவந்தோம் என்று பதினாலு பேரும் சொன்னார்கள். லைசென்ஸ் துப்பாக்கியை ஒரு மாதம் முன்பே பண்ணை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வைத்திருந்தது. ஆக, பதினாலு பேரும் பொய்யர்கள். ரெத்தினம் ஏழு வருஷமாவது உள்ளே இருப்பான், முழுசாக வெளியே வருவானா என்பதும் நிச்சயமில்லை என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். மீரா உசேன் அதைக் கேட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல், யாருடைய மோட்டார் சைக்கிளையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் ஹலீமா இருக்கிறாள், ஷெட் இருக்கிறது.

மூன்றாம் நாள் பகலில் அகரவெளிக் கார் ஷெட் வாசலில் வந்து நின்றது. நாலு சிலிண்டரும் ஓடியது. தருமலிங்கம் இறங்கி, இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"மாயவரத்துல ஒரு மெக்கானிக் பாத்தான். ஒயர் ரெண்டும் மாறிக் கெடந்துச்சாம்."

மீரா உசேன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"ஐயா கோவிச்சுக்கல" என்றார் தருமலிங்கம். "அவசர வேலை, இருட்டு, கை தவறிடுச்சு. மனுசனுக்கு வர்றதுதானே? அதத்தான் எழுதிக் கொண்டாந்திருக்கேன். ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

"படிங்க."

படித்தார். குத்தாலம் மீரா உசேனாகிய நான், மேற்படி வாகனத்தில் பிளக் ஒயர்களை மாற்றும்போது கவனக்குறைவாலும் தொழில் அனுபவக் குறைவாலும் தவறாக இணைத்துவிட்டேன் என்றும், அதனாலேயே வாகனம் நின்றதென்றும், வாகனத்தில் சந்தேகப்படும்படியான பொருள் எதையும் பார்க்கவில்லை என்றும்.

"இன்னொரு தடவ படிங்க. நடுவுல ஒண்ணு வந்துச்சே."

"எது?"

"அனுபவக் குறைவு."

"அது சும்மா எழுதுறதுதான் பாய். கோர்ட்டு பாஷை."

நேர்மை, நியாயம், ஏழை பாழை என்றெல்லாம் பின்னால் மேடையில் நிறையப் பேசினார்கள். இருக்கட்டும். அந்த நிமிஷத்தில் மீரா உசேனுக்கு உச்சந்தலையில் ஏறியது அந்த ஒரு வார்த்தைதான். மூன்று நாளாக அழுத்தி வைத்திருந்த பயத்தை அது தூக்கி எறிந்துவிட்டது. ரெத்தினத்தின் முகமும் அதற்குப் பின்னாலேயே வந்தது.

"என் கை தவறல" என்றார்.

"பாய், யோசிச்சுப் பேசுங்க."

"தெரிஞ்சேதான் மாத்துனேன். ரெண்டாவதத் தூக்கி மூணாவதுல போட்டேன், மூணாவதத் தூக்கி ரெண்டாவதுல போட்டேன். எதுக்கு மாத்துனேன்னு அம்மிக்கல்லக் கேளுங்க. மீரா உசேன் ஒயர மாத்திப் போட்டுட்டான்னு ஒரு காயிதம் கோர்ட்டுல கெடக்கக் கூடாது."

தருமலிங்கம் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கோபமே இல்லை.

"பள்ளிவாசத் தெருவுல மூணாவது வீடுதானே ஒங்களது? ஓட்டு வீடு" என்றார். பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போனார்.

மீரா உசேன் ஷெட்டைப் பூட்டினார். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் மாயவரம் பஸ்ஸில் ஏறி, அறுப்பு ஆட்களின் சங்கத்து வக்கீல் வீட்டைத் தேடிப் பிடித்தார். வக்கீல் சின்ன வயசுக்காரர். கேட்டுக் கேட்டு எழுதினார்.

"ஒரு உயிரைக் காப்பாத்தணும்னு செஞ்சேன்னு ஆரம்பிக்கட்டுமா பாய்?"

"அத அப்புறம் எழுதிக்குங்க தம்பி. மொத வரியில, தெரிஞ்சு மாத்துனது, தவறி மாத்துனதில்லன்னு எழுதுங்க."

அந்த வாக்குமூலத்தை வைத்துத்தான் ரெத்தினத்துக்கு ஜாமீன் கிடைத்தது. மறு வருஷம் போலீஸ் போட்ட வழக்கும் தோற்றது. ரெத்தினம் அம்சத்தோடு வீட்டுக்குப் போனான். அதெல்லாம் பின்னால்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்துக்கு மீரா உசேன் குத்தாலத்தில் வந்து இறங்கினார். டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஷெட் பூட்டியது பூட்டியபடி இருந்தது. பள்ளிவாசல் தெருவில் எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. தன் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து, "யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் ஹலீமா திறந்தாள்.

"காரு வந்துச்சுங்க" என்றாள்.

"எப்ப?"

"சாயங்காலம், அசர் தொழுகைக்கு அப்புறம். நம்ம வாசல்லதான் நின்னுச்சு. யாரும் எறங்கல, ஒண்ணும் கேக்கல. இஞ்சின நிறுத்தாம ரொம்ப நேரம் ஓடவிட்டுக்கிட்டே நின்னுச்சு. அப்புறம் போயிடுச்சு. நாளைக்கும் வருமாங்க?"

மீரா உசேன் கதவைச் சாத்தி, கீழ்த்தாழ்ப்பாளைப் போட்டார்.

"சத்தம் எப்படி இருந்துச்சு? விட்டு விட்டு வந்துச்சா, ஒரே சீரா வந்துச்சா?"

ஹலீமா அவரைப் பார்த்தாள்.

"ஒரே சீரா" என்றாள்.

தலையை ஆட்டிக்கொண்டு அவர் மேல்தாழ்ப்பாளையும் போட்டார்.